லிஃப்ட்காரர் முழங்காலும் பெரிய சிஸ்டரின் பயமும்

நடுங்கும் கையையும் நயமாகப் பற்றி, நழுவும் நரம்பையும் நாசூக்காகத் தேடி, நோகாமல் ஊசி ஏற்றும் நுண்விரல் நாயகியே! முடங்கிப்போன முழங்கால்களுக்கு முதல் உறவே! முனகி வரும் மூத்தோரை முகம் சுளிக்காமல் கேட்ட முழுநிலவே! கடுகடுத்த பேச்சுக்குள் கற்கண்டை ஒளித்துவைத்த கருணைக் கடலே! எங்கள் மூட்டுச் சிகிச்சை நிலையத்தின் முகவரியே, மூச்சே, முணுமுணுப்பே, பெரிய சிஸ்டரே! உங்கள் பொன்னான பாதங்களுக்கு, குறிப்பாக அவற்றுக்கு மேலே இருக்கும் இரண்டு முழங்கால்களுக்கு, எங்கள் வணக்கம்!

முப்பத்தோர் ஆண்டுகளாக, கதிரவன் கண் விழிக்கும் முன்னே கதவு திறந்து, கடைசி நோயாளி கைத்தடி ஊன்றிக் கிளம்பிய பின்னரே கைப்பையைத் தேடி, எங்களில் எவர் பசித்திருக்கிறார், எவர் பொய்க்காய்ச்சலில் விடுப்பு கேட்கிறார் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடும் உங்களுக்கு இன்று பணி நிறைவு நாள். நாளைக் காலை ரத்தம் எடுக்கும் அறையின் நாற்காலியில் வேறொருவர் உட்காரப்போகிறார். அவர் இப்போதே முதல் வரிசையில் வியர்த்து வழிந்துகொண்டிருக்கிறார். பாவம், அவரை முறைக்காதீர்கள்.

இப்படிப்பட்ட மடல்களில் வீரத்தையும் தீரத்தையும் புகழ்ந்து எழுதுவதுதான் வழக்கம். எங்களுக்கும் எழுத ஆசைதான். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறோம்: உங்களைப் போலப் பயந்த மனுஷியை நாங்கள் பார்த்ததில்லை. அந்தப் பயத்தைப் பாராட்டத்தான் இன்று கூடியிருக்கிறோம். இதை எழுதும்போது எங்களுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். எதற்கு என்பதைக் கடைசியில் சொல்வோம். அதுவரை நீங்கள் மேடையை விட்டு எழுந்து போகக்கூடாது.

இன்னொன்று. உங்கள் முகத்துக்கு நேரே 'நீங்கள்', 'நீங்கள்' என்று அந்தப் பயத்தின் கதையைச் சொன்னால் எங்களுக்கு நாக்கு குழறும். ஆகவே கொஞ்ச நேரம் சபையோரைப் பார்த்து, யாரோ ஒரு பெரிய சிஸ்டரின் கதையைப் போலச் சொல்கிறோம். தயவுசெய்து குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

சபையோரே! எங்கள் நிலையத்தில் நடக்கும் வேலை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. தேய்ந்த மூட்டோடு வருகிறவரின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்போம். அதை டியூபில் ஊற்றி ஒரு மெஷினில் வைத்துச் சுற்றுவோம். சுற்றி நின்றதும் சிவப்பு அடியில் தங்கிவிடும், மேலே தேன் நிறத்தில் ஒரு நீர் தெளிந்து நிற்கும். அதில்தான் தட்டணுக்கள் இருக்கின்றன. உடம்பில் எங்கே அடிபட்டாலும் முதல் ஆளாக ஓடிப்போய் ரத்தத்தை நிறுத்தி, பழுது பார்க்கிறவர்களைக் கூப்பிடுகிற பொடிப்பொடி அணுக்கள் அவை. அந்த நீரை ஊசியில் ஏற்றி, அதே மனிதருடைய முழங்காலுக்குள் போடுவோம். அவரவர் ரத்தம் அவரவருக்குத்தான். மெஷினைச் சுற்றும் எங்கள் அண்ணனுக்குக் 'கிறுகிறு' என்று பெயர் வைத்திருக்கிறோம். அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

இந்த வேலையில் பெரிய சிஸ்டரை வாட்டிய கேள்வி ஒன்று உண்டு. தினமும் யாராவது ஒருவர் கையை நீட்டிக்கொண்டே கேட்டுவிடுவார்கள்.

"ஏம்மா, எனக்குத்தான் வயசாயிடுச்சே. என் ரத்தத்துல இன்னும் சத்து இருக்குமா?"

எங்கள் டாக்டர் இதற்குப் பொய் சொல்ல மாட்டார். வயது ஏற ஏற அந்தத் தட்டணுக்களின் சுறுசுறுப்பு கொஞ்சம் குறையலாம் என்பார். வயதான ரத்தத்தில் வீக்கத்தைத் தூண்டும் சமாச்சாரங்களும் கூடவே மிதக்கலாம் என்பார். ஆனால் வயது மட்டுமே கணக்கு இல்லை, மூட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எடை என்ன, சர்க்கரை என்ன, காலுக்குப் பயிற்சி செய்கிறாரா, எல்லாம் சேர்ந்ததுதான் பலன் என்பார். ஆராய்ச்சி செய்கிறவர்களே இன்னும் ஒரே குரலில் பேசவில்லை என்றும் சொல்லிவிடுவார். கேட்டவர்கள் பாதி தைரியத்தோடும் பாதி கலக்கத்தோடும் தலையாட்டுவார்கள்.

டாக்டருக்கு வேலை அதோடு முடிந்தது. பெரிய சிஸ்டருக்கு முடியாது. சில மாதம் கழித்து ஒவ்வொருவருக்கும் போன் செய்து, "முட்டி எப்படி இருக்கு?" என்று விசாரிப்பது அவர் வேலை. பந்து விளையாடி அடிபட்டு வந்த இளவட்டங்கள், "சூப்பரா இருக்கு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் போனை வைத்துவிடுவார்கள். வயதானவர்களில் சிலர், "முன்னைக்கு இப்ப பரவாயில்லம்மா" என்பார்கள். வேறு சிலர், "அப்படியேதாம்மா இருக்கு. நீங்க நல்லாத்தான் போட்டீங்க, என் ரத்தம்தான் சரியில்ல போல" என்பார்கள். தங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொள்ளும் அந்தக் குரல்கள் இருக்கின்றனவே, அவை பெரிய சிஸ்டரின் காதை விட்டுப் போகவே இல்லை. போனை வைத்துவிட்டு அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பதை நாங்கள் கவனித்திருக்கிறோம். கேட்டால் "உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று எரிந்து விழுவார்.

வீட்டில் அவருக்கு வாய்த்தவர் லிஃப்ட்காரர். ஊரில் இருக்கும் உயரமான கட்டடங்களின் லிஃப்டுகளையெல்லாம் பழுதுபார்த்து, குழிக்குள் மண்டிபோட்டே காலம் தள்ளி, முழங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். வேடிக்கையைப் பாருங்கள், ஊரையே மேலே ஏற்றிவிட்ட மனிதர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். "என் வீட்டுக்கு நானே லிஃப்ட்" என்று ஒரு காலத்தில் மார்தட்டுவார். பிறகு மாடி வளைவுக்கு வளைவு நின்றார். பிறகு வளைவில் ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவைத்தார். அப்புறம் கீழே இறங்குவதையே குறைத்துக்கொண்டார்.

பெரிய சிஸ்டரைப் பயம் பிடித்துக்கொண்டது அந்த நாற்காலியைப் பார்த்துத்தான். அவர் மனசுக்குள் ஓடியது இதுதான்: நான் வேலைக்குப் போகும்வரை வெளியுலகம் என்னோடு வீட்டுக்குள் வருகிறது, நானும் ஓய்வு பெற்று உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? ஏறினவர் இறங்க முடியாமல், இறங்கினவர் ஏற முடியாமல், இரண்டு பேரும் மூன்றாம் மாடியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதானா? இதை அவர் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஓய்வு நாள் நெருங்க நெருங்க, எங்கள் நிலையத்தின் படிக்கட்டை விட்டுவிட்டுச் சக்கர நாற்காலிக்காகப் போட்ட சரிவுப் பாதையில் நடக்க ஆரம்பித்தார். பேனா கீழே விழுந்தால், "யாராவது எடுங்கப்பா" என்றார். சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று எங்களில் சிலர் சிரித்தோம். எங்களுக்கு அப்போது புத்தி எட்டவில்லை.

கணவரைச் சிகிச்சைக்கு அழைத்துவரும்படி டாக்டர்தான் வற்புறுத்தினார். பெரிய சிஸ்டர் சாக்குப்போக்குச் சொல்லி நாளைத் தள்ளினார். அடுத்தவர்களுக்கு ஊசி போட்டுவிட்டுத் தைரியம் சொல்லும் அதே மனுஷிக்குத் தன் வீட்டுக்காரர் என்றதும் கை கால் ஓடவில்லை. ஊசி போட்டுப் பார்க்காதவரை ஒரு வழி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். போட்டும் பலிக்கவில்லை என்றால் அந்த நினைப்பும் போய்விடும். அதுதான் அவருடைய பயம். கடைசியில் தேதி குறித்த அன்று, வீட்டில் சாப்பிடும்போது அவர் வாயிலிருந்து அது நழுவிவிட்டது.

"நாளு குறிச்சாச்சு. ஆனா வயசான ரத்தம். என்ன பண்ணுமோ, தெரியல."

லிஃப்ட்காரர், "கிழட்டு ரத்தம்னு நேராவே சொல்லேன்" என்று சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சின்ன வயசு ரத்தம்னா நல்லா வேலை செய்யுமாம்மா?"

"செய்யும்ங்கறாங்க," என்று சொல்லிவிட்டுப் பெரிய சிஸ்டர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

இந்த மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்தமாக பியூட்டி பார்லர் நடத்துகிறவள். நாள் முழுக்க டிரையரையும் சீப்பையும் தூக்கித் தூக்கி வலது முழங்கையில் வலி வந்து, அவளுக்கும் அதே ஊசி போட வேண்டும் என்று டாக்டர் முன்பே எழுதியிருந்தார். இரண்டு பேரும் ஒரே நாளில் வந்தால் அலைச்சல் மிச்சம் என்று அப்பாவுக்கும் மகளுக்கும் அடுத்தடுத்த நேரம் கொடுத்தோம். சிறு வயதிலிருந்தே எங்கள் நிலையத்தில் வளர்ந்த பெண். எந்த அறைக்குள் போனாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம்.

குறித்த நாளும் வந்தது. எங்கள் நிலையத்தில் ஒரு சட்டம் உண்டு: சொந்தக்காரர்களின் ரத்தத்தை எந்த ஊழியரும் தொடக்கூடாது, அந்த நேரத்தில் அறைக்குள்ளும் நிற்கக்கூடாது. பாசத்தில் கை நடுங்கும் என்று அந்தச் சட்டத்தைப் போட்டதே பெரிய சிஸ்டர்தான். அன்று அவர் போட்ட சட்டம் அவரையே வெளியில் தள்ளியது. சிகிச்சை அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில், மற்ற சொந்தக்காரர்களுக்கு நடுவில், கணவர் கழற்றிக் கொடுத்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முப்பது வருஷமாக அந்த பெஞ்சைத் தாண்டிப் போனவர், அதில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. பெஞ்சு இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாதாம். பின்னால் எங்களிடம் சொன்னார்.

உள்ளே இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தாயிற்று. இரண்டு டியூப், பெயர் எழுதிய இரண்டு ஸ்டிக்கர். கிறுகிறு அண்ணன் இரண்டையும் தாங்கியில் வைத்துவிட்டு, டாக்டர் கூப்பிட்டார் என்று ஒரு எட்டு அடுத்த அறைக்குப் போய் வந்தார். மெஷினில் டியூபுகளை எதிரும் புதிருமாகத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் ஆட்டம் போடும். அப்பாவுக்கு எதிரே மகள். "நல்ல ஜோடி" என்று சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார். மெஷின் நின்று மூடியைத் திறந்தபோது, அப்பா பெயர் போட்ட டியூபில் தெளிந்த தேன் நிறம். மகள் பெயர் போட்ட டியூபில் மட்டும் மேலே நின்ற நீர் கலங்கலாக, அரிசி களைந்த தண்ணீர் போல இருந்தது. "காலையில பொண்ணு என்னத்தையோ கட்டு கட்டியிருக்கா" என்று அவர் டாக்டரிடம் சொன்னார். டாக்டரும், "அவளுக்கு அப்புறம் யோசிப்போம், முதல்ல அப்பாவைப் பார்ப்போம்" என்றார்.

வெளியே பெஞ்சில் பெரிய சிஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடியிலிருந்த சட்டையை நீவினார், மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அப்போது விரலில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. சட்டைப் பையில் கசங்கிய காகிதம் ஒன்று. காகிதம் முழுக்க எண்ணெய். முகர்ந்து பார்த்தார். காலையில் நேரத்தோடே வந்துவிட்டு, முறை வர இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போதே, "ஒரு நிமிஷம், காலை நீட்டிட்டு வரேன்" என்று தெருமுனைக் கடைப்பக்கம் ஒதுங்கியவர், அங்கே பொரித்த பலகாரத்தை ஒரு பிடி பிடித்திருக்கிறார்! எண்ணெய்ப் பண்டம் தின்றால் ரத்தத்தின் நீர் கலங்கிவிடும், கூடாது என்று ராத்திரியே தலைபாடாய் அடித்துச் சொல்லியிருந்தும்! ஏற்கெனவே ரத்தத்தில் கொழுப்பு அதிகம் உள்ள மனிதர்.

பெரிய சிஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனிதரின் ரத்தம் இன்று கலங்கித்தான் நிற்கும், டாக்டரிடம் சொல்லி இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து, சட்டத்தை மீறாமல் கதவுக்கு வெளியேயே நின்று, கண்ணாடி வழியே கை காட்டப்போனார். உள்ளே டாக்டர் ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். ஊசிக்குள் இருந்தது தெளிந்த தேன். துளிக் கலங்கல் இல்லை.

அடுத்த கட்டிலுக்குப் பக்கத்துத் தட்டில், மகள் பெயர் எழுதிய டியூப். அதில் இருந்ததுதான் கலங்கல்.

அந்த ஒரு கணத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி மகள் கேட்ட கேள்வியும் ஞாபகம் வந்தது. அந்தத் தேன் நிறம் தன் கணவருடையது இல்லை. அது அவருக்குள் போகப்போகிறது. அதற்குள் ஊசி முனை முழங்கால் தோலைத் தொட்டுவிட்டது. கத்த வேண்டும், குரல் வரவில்லை. கதவைத் தள்ள வேண்டும், கை எழவில்லை. முப்பது வருஷமாக, "பயப்படாதீங்க, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிச் சொல்லியே பழகிய வாய் அது.

தோளால் கதவை இடித்துக்கொண்டு உள்ளே விழுந்தார்.

"நிறுத்துங்க! போடாதீங்க! அது அவர் ரத்தம் இல்ல!"

எங்கள் டாக்டரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஏன், எதற்கு, எப்படித் தெரியும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையை அப்படியே பின்னுக்கு இழுத்து, ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். பெரிய சிஸ்டர் எண்ணெய்க் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். லிஃப்ட்காரர் கட்டிலில் படுத்தபடியே அதைப் பார்த்து, தன் குற்றம்தான் பிடிபட்டுவிட்டது என்று நினைத்து, "பயம் வந்தா எனக்குப் பசிக்கும்டி, என்ன பண்ணச் சொல்ற?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து மகளின் அழுகைச் சத்தம் வந்தது. சுற்றுவதற்கு முன்னால் இரண்டு டியூபும் ஒரே சிவப்பாகத்தானே இருந்தன. கிறுகிறு அண்ணன் அடுத்த அறைக்குப் போன அந்தச் சின்ன நேரத்தில், ஸ்டிக்கர்கள் நன்றாக ஒட்டிக்கொள்வதற்குள் உரித்து மாற்றி ஒட்டிவிட்டாள்.

"என் முழங்கைக்கு என்னம்மா அவசரம்? அது எப்ப வேணா சரியாகும். அப்பா முட்டிக்கு நல்ல ரத்தம் போகட்டும்னு நினைச்சேன். என் ரத்தமே அப்பா கொடுத்ததுதானே."

"அடிப் பாவி," என்றார் பெரிய சிஸ்டர். "பெத்தவராவே இருந்தாலும் அவர் ரத்தம் வேற, உன் ரத்தம் வேறடி. உன்னோடது உள்ள போய் அவர் உடம்பு அதை எதிர்த்துக்கிட்டு, முட்டி வீங்கி, சீழ் பிடிச்சு, இருக்கிற நடையும் போயிருந்தா? வேற ஏதாவது தொத்தியிருந்தா? ஊசி முனை தோலைத் தொட்டாச்சுடி..."

சொல்லிக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "நீதானேம்மா சொன்ன, வயசான ரத்தம்னு. நீ பயந்ததைப் பார்த்துத்தாம்மா நான் பயந்தேன்" என்று தேம்பினாள். பெரிய சிஸ்டர் அவள் முதுகில் நாலு சாத்து சாத்தினார். அப்புறம் அதே முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. தரையில் கையை ஊன்றினார், கட்டில் காலைப் பிடித்தார், முழங்கால் மடங்கிய இடத்தில் மடங்கியபடியே நின்றுவிட்டது. முகம் வலியில் கோணியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. "கால் மரத்துப்போச்சு, வேற ஒண்ணும் இல்ல" என்றார். டாக்டர் அவருடைய முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பேனாவை ஏன் எடுக்கச் சொன்னார் என்பது எங்களுக்கு அன்றுதான் உறைத்தது.

அன்று எடுத்த ரத்தம் இரண்டையும் கொட்டிவிட்டோம். வேறொரு நாள், ராத்திரியிலிருந்தே மனைவி காவல் இருக்க, எண்ணெய் வாசனைகூடப் படாமல் லிஃப்ட்காரர் வந்தார். அன்றிலிருந்துதான் எங்கள் நிலையத்தில் அந்தப் பழக்கம் வந்தது, சபையோரே. ரத்தம் எடுத்ததும் ஸ்டிக்கரில் நோயாளியே கையெழுத்துப் போட வேண்டும். மெஷினுக்குள் வைக்கும்வரை டியூப் அவர் கையிலேயே இருக்கும். ஊசி போடும் முன், ஸ்டிக்கரை அவர் கண் முன்னால் காட்டி, அறையே கேட்கும்படி கேட்போம்: "யார் ரத்தம் இது?" அவர் வாய் திறந்து, "என் ரத்தம்" என்று சொன்னால்தான் டாக்டர் கை அசையும். முதலில் வெட்கப்படுகிறார்கள், சொன்ன பிறகு ஏனோ கொஞ்சம் நிமிர்ந்து படுக்கிறார்கள்.

லிஃப்ட்காரர் அன்று தன் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு, "சூடா இருக்கே" என்று ஆச்சரியப்பட்டார். அடுத்த சில மாதங்கள் பெரிய சிஸ்டர் மாடியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டே கிடந்தார். கீழே கேட் சத்தம் கேட்கும், பிறகு கணவரின் காலடிச் சத்தம், பிறகு சத்தமே இருக்காது. சத்தம் நிற்கும் போதெல்லாம் அவருக்கு மூச்சும் நிற்கும். அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. வலி இன்னும் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரே ஒரு தடவை மட்டும் நின்று, அந்த நாற்காலியில் உட்காராமலேயே, மூன்றாம் மாடிக்கு வந்துவிடுகிறார். இதில் ஊசி எவ்வளவு, உடற்பயிற்சி எவ்வளவு, மனைவியின் திட்டு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

கதை முடிந்தது. இனி 'அவர்' இல்லை, நீங்கள்தான்.

பயத்தின் பண்பறிந்த பெருமாட்டியே! பதறியதால் பழுது தடுத்த பாசத்தின் பிறப்பிடமே! நீங்கள் அன்று பயப்படாமல் பெஞ்சில் சாய்ந்து தூங்கியிருந்தால், அந்தச் சட்டையை நீவி நீவி மடித்திருக்காவிட்டால், என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே எங்களுக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் உங்கள் பயத்தைப் பாராட்டுகிறோம். ஆனால் பெரிய சிஸ்டரே, உங்களுடைய இன்னொரு பயத்தை எங்களால் பாராட்ட முடியாது.

நீங்கள் அன்று தரையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் தவித்த பிறகு, டாக்டர் உங்களைக் கெஞ்சி ஒரு எக்ஸ்ரே எடுக்க வைத்தாரே, அதைப் பார்க்க நீங்கள் இன்றுவரை அவர் அறைக்குப் போகவில்லை. "ரிட்டயர் ஆகட்டும்" என்றீர்கள். எங்களுக்குத் தெரியும், ரிட்டயர் ஆனால் நீங்கள் இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டீர்கள். "என் ரத்தம்தான் சரியில்ல போல" என்று போனில் சொன்ன அந்தக் குரல்களில் ஒன்றாக உங்கள் குரலும் ஆகிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். மூன்றாம் மாடி ஜன்னலை நினைத்துப் பயப்படுகிறீர்கள். பயப்படாதீர்கள் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. எங்களுக்கும் பயமாகத்தான் இருக்கிறது. உங்கள் கையில் ஊசி ஏற்ற வேண்டியவர், முன்பே சொன்னோமே, அதோ முதல் வரிசையில் வியர்த்து நனைந்திருக்கிறார்.

ஆகவே, ஊரறிய, சபையறிய, மைக் வைத்து அறிவிக்கிறோம்: வரும் திங்கட்கிழமை காலை முதல் நேரம் உங்களுக்குத்தான் ஒதுக்கியிருக்கிறோம். முதலில் எக்ஸ்ரேயைப் பார்ப்பீர்கள். ஊசி உங்களுக்கு ஏற்றதுதானா என்று டாக்டர் உள்ளதை உள்ளபடி சொல்வார். ஏற்றது என்றால் அன்றே எடுப்போம். ஏற்றது இல்லை என்றால் வேறு வழி என்ன என்று எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். எண்ணெய்ப் பண்டம் கூடாது. மகள் வரலாம், ஆனால் மெஷின் அறைப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது, கிறுகிறு அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பெஞ்சில் சட்டையோ கைப்பையோ எதையாவது மடியில் வைத்துக்கொண்டு உட்கார்வது இந்தத் தடவை லிஃப்ட்காரரின் முறை.

இந்த மடலை எழுதி முடித்ததும், உங்களுக்குத் தெரியாமல் அவரிடம் படித்துக் காட்டினோம். அதற்காகவே ஒரு தடவை மாடி இறங்கி வந்திருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நீடூழி வாழ்க, நோயற்று வாழ்க என்று நாங்கள் எழுதியிருந்த முடிவை அடித்துவிடச் சொன்னார். "நோயில்லாமலா? அவ சிரிப்பா" என்றார். அதற்குப் பதிலாகத் தான் சொல்வதை அப்படியே எழுதச் சொன்னார். எழுதிவிட்டோம். எங்கள் வாழ்த்தும் இதுதான்:

"நானும் பயந்துக்கிட்டுத்தான்டி படுத்திருந்தேன். என் ரத்தம்னு சொல்றப்ப குரல்கூட நடுங்குச்சு. உனக்குப் பயமா இருந்தா பயந்துக்கிட்டே வா. ஆனா வா. அங்க கீழ்ப் படியில நிக்கிறேன், சேர்ந்து ஏறுவோம்."

திங்கட்கிழமையை எதிர்நோக்கி,
உங்களிடம் திட்டு வாங்கியே திருந்திய,
ரத்தம் எடுக்கும் அறை, மெஷின் அறை, சிகிச்சை அறை, வரவேற்பறை ஊழியர்களும்
டாக்டரும்